நூல் தண்ணீர்

கரிசல் காட்டு நகரம் ஒன்றில், ஒரு வீட்டின் வெளிக்கதவை ஒட்டிய குழிக்குள், தன்னை எவராலும் ஏமாற்ற முடியாது என்று நம்பிய தண்ணீர் மீட்டர் ஒன்று இருந்தது.

அப்படி நம்புவதற்குக் காரணமும் இருந்தது. தெருமுனைத் தொட்டியிலிருந்து நாள் முழுக்க வரும் தண்ணீருக்கு அந்த வீட்டுக்குள் போக வேறு பாதை கிடையாது. எதுவானாலும் மீட்டரின் வயிற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதன் முகத்தில் ஐந்து கருப்பு எண்கள் வரிசையாக நின்றன. ஆயிரம் லிட்டர் உள்ளே போனால்தான் கடைசி எண் ஒரு படி ஏறும். இடது ஓரத்துப் பூஜ்யம் பிறந்ததிலிருந்து அசைந்ததில்லை. அதனாலேயே மற்றவற்றைவிட அதற்கு மிடுக்கு அதிகம். கருப்பு எண்களுக்குக் கீழே சிவப்பு முட்கள் நூறு, பத்து, ஒன்று என்று லிட்டர்களைப் பார்த்துக்கொண்டன. எல்லாவற்றுக்கும் நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக, ஓரமெல்லாம் பல் வைத்த ஒரு சக்கரம். தண்ணீர் நகர்ந்தால் முதலில் சுழல்வது அதுதான். ஆனால் ரீடிங் எடுக்க வருகிறவர்கள் கருப்பு எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். ஆகவே மீட்டரும் தன்னை ஐந்து கருப்பு எண்களாகவே நினைத்துக்கொண்டது.

குழியின் ஈரத்தில் ஒரு தேரை குடியிருந்தது. மூடிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக வெளியே போகும். வீட்டின் பின்பக்கக் குளியலறையில் தண்ணீர் போகும் துளைக்குள் நுழைந்து, வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பி வரும். வந்ததும் மீட்டரைச் சீண்டாமல் அதற்குத் தூக்கம் வராது.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டது.

"ஒருவரும் இல்லை" என்றது மீட்டர்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பார்க்க என்ன இருக்கிறது? நானூற்றுப் பதினான்கு. இரண்டு வருடமாக நானூற்றுப் பதினான்கு. சிவப்பு முள்கூட நின்ற இடத்தில் நிற்கிறது. ஆள் இருந்தால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் போனால் எனக்குத் தெரியும்."

"ஆளு இருக்கு."

"இருந்தாள். போய்விட்டாள்."

அவளை மீட்டருக்கு நினைவிருந்தது. வீட்டுக்காரர் பால்வண்ணன் மாற்றலாகிக் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனபோது, கணவன் வீட்டில் இடமில்லாமல் வந்து நின்ற தங்கை குருவம்மாளைப் பின்பக்க அறையில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். பெரிய வீட்டைப் பூட்டியாயிற்று. அவள் பக்கச் சந்து வழியாக வந்து போனாள். அவள் முகத்தை மீட்டர் பார்த்ததே இல்லை. ஆனால் அவளுடைய தண்ணீர் அதற்குத் தெரியும். விடிந்ததும் ஒரு குடம். பிறகு குளியல்: ஒரு வாளி, ஒரு நிறுத்தம், இன்னும் அரை வாளி, மறுபடி நிறுத்தம். எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும்போது, படி தாண்டுவதற்கு முன் காலைக் கழுவுவதற்காக ஒரு சின்னத் திறப்பு. அந்தக் கடைசித் திறப்பில் மீட்டருக்குத் தனிப் பிரியம் இருந்தது. அந்த வீட்டில் வேறு யாரும் குழாயை அப்படித் திறந்ததில்லை.

அவள் வந்த முதல் வருடப் பொங்கலுக்கு அண்ணன் குடும்பம் வந்தது. நான்கு நாள் ஒரே ஓட்டம். அவர்கள் திரும்பிப் போன சில நாட்களில் எல்லாம் நின்றுபோயிற்று. குடமும் இல்லை, வாளியும் இல்லை, கால் கழுவும் தண்ணீரும் இல்லை. அவளும் கிளம்பிவிட்டாள் என்று மீட்டர் முடிவு செய்தது. கொஞ்சம் வருத்தப்பட்டது. அந்த வருத்தத்தைக் காட்ட அதன் முகத்தில் எண் எதுவும் இல்லை.

"எங்கயும் போகல" என்றது தேரை. "குழாய் வாயில ஒரு நூலக் கட்டி விட்டிருக்கா. குழாய ஒரு மயிரிழை தெறந்து வச்சா, நூல்வழியா ஒவ்வொரு சொட்டா குடத்துல எறங்குது. சத்தங்கூடக் கேக்காது. காலைல தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறப்ப குடத்த வச்சிட்டுப் போவா. சாயங்காலம் வந்தா கழுத்து வரைக்கும் நெறஞ்சிருக்கும். தூங்கப் போறப்ப இன்னொரு குடம். அவளுக்கு ஒரு நாளுங்கிறது அவ்வளவுதான்."

"முடியாது. தண்ணீர் என் வழியாகத்தான் போக வேண்டும்."

"ஒன் வழியாத்தான் போகுது. ஒனக்குத்தான் தெரியல."

மீட்டர் பதில் சொல்ல வாயெடுத்தபோது நடுவிலிருந்த சின்னச் சக்கரம் மெல்லப் பேசியது.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நடுங்கும். சுழல்ற அளவுக்கு இல்ல. ஒரு பல்லு இந்தப் பக்கம், ஒரு பல்லு அந்தப் பக்கம். ஒங்ககிட்ட ஒரு தடவை சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"நடுக்கமெல்லாம் கணக்கில் வராதுன்னு சொன்னீங்க."

தேரைகூடச் சிரிக்கவில்லை.

"அவள் எதற்காக இப்படிச் செய்ய வேண்டும்?" என்று கேட்டது மீட்டர்.

"குழாய மூடுறப்ப எல்லாம் ஒண்ணச் சொல்லிக்கிட்டே மூடுவா. 'மீட்டர் ஓடுற ஓட்டத்தப் பாரு.' மதினி சொன்னாளாம்."

மீட்டருக்கு அந்தக் காலை நினைவு வந்தது. மாட்டுப்பொங்கலன்று பால்வண்ணன் வெளிக்கதவுக்கு முன்னால் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு காரைக் கழுவு கழுவென்று கழுவினார். அவர் மனைவி குழிமூடியைக் காலால் நகர்த்திக் குனிந்து பார்த்துவிட்டு, "மீட்டர் ஓடுற ஓட்டத்தப் பாரு. போதும், நிறுத்துங்க" என்று கத்தினாள். பக்கச் சந்தில் யாரோ துணி பிழிந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. அன்று அது ஏன் நின்றது என்று மீட்டர் யோசிக்கவில்லை.

"அது அவளைச் சொன்னதில்லை" என்றது மீட்டர்.

"போய்ச் சொல்லேன்" என்றது தேரை.

அதற்கு அடுத்த வாரம் மூடி திறந்தது. ரீடிங் எடுக்கும் எஸ்தர் குனிந்து பார்த்தாள். ஒரு வருடமாக அவள்தான் வருகிறாள். பார்ப்பாள், எண்ணை எழுதுவாள், முன்கதவைத் தட்டுவாள், பக்கத்தில் 'பூட்டிய வீடு' என்று எழுதிக்கொண்டு போவாள். இந்தத் தடவை எழுதியதோடு நிறுத்தவில்லை. வெளிக்கதவில் ஒரு தாளை ஒட்டினாள். நீண்ட காலமாகப் பயன்பாடு இல்லாததால் இந்தக் குடிநீர் இணைப்பு ஏழு நாட்களில் துண்டிக்கப்படும் என்று அதில் இருந்தது.

அன்று சாயங்காலமே தேரை செய்தி கொண்டுவந்தது. குருவம்மாள் தாளை மூன்று தடவை படித்தாளாம். பிறகு அதைப் பிரித்தெடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாளாம். அண்ணனுக்கு போன் செய்ய எடுத்துவிட்டு, செய்யாமல் வைத்துவிட்டாளாம்.

"தண்ணி இல்லாத எடத்துல எப்படி இருப்ப, வேற எடம் பாத்துக்கன்னு அண்ணன் சொல்லிட்டா எங்க போவா? அதான் யோசன" என்றது தேரை.

"நான் ஓடினால் போதும்" என்றது மீட்டர். "ஒரு லிட்டர் ஓடினால் போதும்."

"ஓடேன்."

மீட்டர் முயன்று பார்த்தது. எண்கள் அசையவில்லை, முட்கள் அசையவில்லை. இத்தனை வருடம் தான்தான் ஓடுவதாக அது நினைத்திருந்தது. ஓட்டியது தண்ணீர். தண்ணீரைத் திறந்தது யாரோ ஒருவரின் கை.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு எஸ்தர், குழாய் பிட்டர் சங்கிலி என்பவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சங்கிலி பையிலிருந்து ரெஞ்சை எடுத்துக் குழிக்குள் குனிந்து மரையில் கவ்வவிட்டான். தேரை ஓரமாக ஒதுங்கியது.

"நிறுத்துங்க தம்பி! நிறுத்துங்க!"

பக்கச் சந்திலிருந்து குருவம்மாள் ஓடிவந்தாள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தவள். மீட்டர் அவளை முதல் தடவையாகப் பார்த்தது.

"நீங்க யாரு?" என்றான் சங்கிலி.

"இந்த வீட்டு ஆளு. எங்கண்ணன் வீடு."

"இந்த வீட்ல ஆளே இல்லன்னு மீட்டர் சொல்லுது. நீங்க எந்த வீட்டு ஆளு?"

"பின்னால ரூம்ல இருக்கேன்பா. வந்து மூணு வருசமாச்சு."

எஸ்தர் நோட்டைத் திறந்து காட்டினாள். "நான் ஆறு தடவை வந்து கதவத் தட்டியிருக்கேன், பெரியம்மா. ஒரு சத்தம் இல்ல."

"பகல்ல வேலைக்குப் போயிருவேன், தாயி."

"சரி. தண்ணி குடிக்கலையா? சோறு பொங்கலையா? ரெண்டு வருசமா ஒரு நம்பர் ஏறலையே."

குருவம்மாளின் முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல நிமிர்ந்து நின்றாள்.

"ஏறாது. ஏற விடல. நல்லாப் பாரு தாயி, ஒரு நம்பர் ஏறியிருக்கா? என்னால எங்கண்ணனுக்கு ஒரு கஷ்டம் கெடையாது." பிறகு நூலையும் குடத்தையும் பற்றி, ஒரு நல்ல சமையலைச் சொல்வதுபோல, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சங்கிலி சிரித்துவிட்டான். "நூல் தண்ணி பார்ட்டியா! எஸ்தரக்கா, இது வேற கேசு. ஆளில்லாத வீடுன்னா வெட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம். இது மீட்டருக்குத் தெரியாமத் தண்ணி எடுக்கிறது. திருட்டு. எழுதுங்க."

"திருட்டா?" என்றாள் குருவம்மாள்.

நிமிர்ந்திருந்த தோள்கள் இறங்கின. அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். மீட்டருக்குத் தன் கண்ணாடியை யாராவது மண் போட்டு மூடினால் தேவலை என்றிருந்தது. அவள் அங்கே இல்லை என்று சொன்னதும் மீட்டர்தான். இப்போது அவளைத் திருடி ஆக்கியதும் அதுதான்.

எஸ்தர் எழுதவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பீங்க, பெரியம்மா?"

"ரெண்டு குடம்."

"குளிக்கிறதுக்கு?"

"அதுலதான்."

"தலைக்கு ஊத்துறது?"

"ஞாயித்துக்கெழமை தெருக்கோடி அடிபம்புக்குப் போயிருவேன். அங்க கூட்டமா இருந்தா அடுத்த ஞாயிறு."

எஸ்தர் சங்கிலியைப் பார்த்தாள். அவன் ரெஞ்சைப் பார்த்தான்.

"மீட்டர் ஓடினாலும் ஓடாட்டியும் ஒங்கண்ணன் கட்டுற பணம் ஒண்ணுதான், பெரியம்மா. மாசம் பத்தாயிரம் லிட்டர் வரைக்கும் அதுலயே அடக்கம். அதத் தாண்டினாத்தான் கூட."

"பத்தாயிரம்னா எவ்வளவு?"

எஸ்தர் விரலால் காற்றில் கணக்குப் போட்டாள். "தெனம் இருவது குடத்துக்கு மேல வரும்."

"இருவதா?"

குருவம்மாள் எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இருபது குடங்களையும் எங்கே வைப்பது என்று இடம் தேடுகிறவள்போல வாசலைச் சுற்றிப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரிக்கா" என்றான் சங்கிலி. முன்னைப்போல அவன் குரலில் வேகம் இல்லை. "இப்ப நான் என்ன செய்ய? மீட்டர் நின்னு கெடக்கு. நின்னா வெட்டணும்."

"ஓடினா?"

"ஓடினா எனக்கு இங்க சோலி இல்ல."

எஸ்தர் எழுந்தாள். "பெரியம்மா, போய்க் குழாயத் தெறங்க. முழுசா."

"தண்ணிய வீணாக் கீழ விடவா?" குருவம்மாளுக்குக் கோபம் வந்தது. "நான் இருக்கேன்னு காட்டத் தண்ணிய வீணாக்கணுமோ?"

"வீணாக்க வேண்டாம். குளிங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். தலைக்கு ஊத்திக் குளிங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கோம்."

சங்கிலிக்குப் புரையேறியது.

"மீட்டர, தம்பி. மீட்டர" என்றாள் எஸ்தர்.

குருவம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

இருவரும் குழிக்குள் குனிந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடம் போயிற்று. கருப்பு எண்கள் நின்றன. சிவப்பு முட்கள் நின்றன.

"இருக்கா?" என்று மீட்டர் சக்கரத்திடம் கேட்டது. அதுவரை அது சக்கரத்திடம் எதையும் கேட்டதில்லை.

"நடுங்குது" என்றது சக்கரம்.

"அவள்தானா?"

"அவதான். கை அந்த மயிரிழை எடத்துக்கு வந்ததும் நின்னுருது."

சங்கிலி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, இன்னும் நாலு வீடு இருக்கு."

எஸ்தர் சந்தின் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். "பெரியம்மா! தெறந்தீங்களா?"

"தெறந்துதான் வச்சிருக்கேன்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"தெறந்துதான் வச்சிருக்காங்களாம்" என்று சங்கிலி ரெஞ்சைக் கையில் எடுத்தான்.

எஸ்தர் ஒரு கணம் யோசித்தாள். பிறகு சுவருக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னாள்: "பெரியம்மா, மொதல்ல அந்த நூல அவுத்துப் போடுங்க! அது இருக்கிற வரைக்கும் ஒங்க கை முழுசாத் தெறக்காது!"

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு வருடம் ஈரத்தில் இறுகிய முடிச்சு. அதை அவிழ்க்க நேரம் ஆகும் என்று தேரைக்குத் தெரியும்.

முதலில் குழாய்க்குள் ஒரு செருமல் கேட்டது. மண்ணும் துருவும் கலந்த காற்று ஓடியது. அடுத்த நொடி சக்கரம் சுழன்றது. பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, வெறும் வெளிச்சம் சுழல்வதுபோல் சுழன்றது. ஒரு லிட்டர் முள் ஒரு சுற்றுச் சுற்றியது. பத்து லிட்டர் முள் உறக்கம் கலைந்து நகர்ந்தது.

"ஓடுது" என்றான் சங்கிலி, தன்னை அறியாமல் மூடியைத் தட்டி.

ஒரு வாளி அளவு ஓடி நின்றது.

"நின்னுருச்சே அக்கா."

"ஊத்திக்கிட்டிருக்காங்க தம்பி. பொறு."

மறுபடி ஓடியது. அரை வாளி. மறுபடி நின்றது. இந்தத் தடவை நெடுநேரம் நின்றது. சங்கிலி ரெஞ்சைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினான். எஸ்தர் நோட்டை விரித்தாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது என்று மீட்டர் தனக்குள் சொல்லிக்கொண்டது. இன்னும் ஒன்று பாக்கி.

அது வந்தது. படி தாண்டும் முன் காலைக் கழுவும் அந்தச் சின்னத் திறப்பு. சக்கரம் மூன்றே சுற்றுச் சுற்றி நின்றது.

குருவம்மாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. குனிந்து பார்த்தாள். நானூற்றுப் பதினான்கு அப்படியே நின்றது.

"ஏறலையே தாயி" என்றாள் பயந்துபோய்.

"முப்பது லிட்டருக்கெல்லாம் கருப்பு நம்பர் ஏறாது, பெரியம்மா. ஆயிரம் சேந்தாத்தான் ஏறும்."

"அப்ப இதுல நான் எங்க இருக்கேன்?"

எஸ்தர் கண்ணாடியின் மேல் விரலை வைத்துச் சிவப்பு முட்களைக் காட்டினாள். "இங்க. முன்ன நின்ன எடத்துல இருந்து முப்பத்தி ரெண்டு லிட்டர் தள்ளி."

நோட்டில் கருப்பு எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. எஸ்தர் நானூற்றுப் பதினான்கு என்று எழுதினாள். 'பூட்டிய வீடு' என்று எழுதும் இடத்தில் 'ஆள் இருக்கிறார்' என்று எழுதி, எழுத்து சிறிதாக இருப்பதாகப் பட்டதால் அதன்மேல் இன்னொரு தடவை எழுதினாள். நூலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. சங்கிலியும் கேட்கவில்லை. போகும்போது குழிமூடியை அவன்தான் சரியாகப் பொருத்தினான்.

அந்த நூல் இப்போது குளியலறை ஆணியில் தொங்குகிறது என்று தேரை சொல்கிறது. குருவம்மாள் இன்னும் குழாயைத் திறக்கும்போது அந்த மயிரிழை இடத்தில் கை ஒரு கணம் நிற்கிறதாம். அப்புறம் தாண்டுகிறதாம். அந்த ஒரு கணம் சக்கரம் நடுங்குவதையும் மீட்டர் இப்போது கேட்டுத் தெரிந்துகொள்கிறது. எழுத இடமில்லை என்றாலும் கேட்டுக்கொள்கிறது.

ஒரு நாள் மத்தியானம். விடியற்காலைக் குளியலோடு ஓட்டம் நின்று மணிக்கணக்காகிவிட்டது. முள் அசையவில்லை, சக்கரம் நடுங்கக்கூட இல்லை. தேரைக்குப் பொழுது போகவில்லை.

"என்ன, ஒண்ணும் ஓடலையே" என்று பழைய கிண்டலோடு கேட்டது. "வீட்டுல யாரு இருக்கா? யாருமில்ல, அப்படித்தான?"

"வேலைக்குப் போயிருக்கா" என்றது மீட்டர். "சாயங்காலம் வந்துருவா."